ரப்பர் தடிக்கும் சான்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குலசேகரம் பக்கம் சின்ன ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். பால் விலை ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் பத்திரிகையில் வருகிறது. பால் ஓய்ந்த மரத்தைத் தடியாக விற்றால் என்ன கிடைக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. மறுநடவுக்கு எங்களுக்கு முதலே அந்தப் பணம்தான். புதுக் கன்று பால் தர ஏழு வருடமாவது ஆகும்.

என் மரங்களை விற்றபோது வியாபாரி அண்ணாந்து பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொன்னார். அளவும் எடுக்கவில்லை, ரகமும் பிரிக்கவில்லை. தடி லாரி ஏறி கேரளத்துப் பெரும்பாவூர் பிளைவுட் மில்லுக்குப் போய்விட்டது. ரப்பர் தடியை வெட்டிப் போட்டுவிட்டுப் பேரம் பேச முடியாது. சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், பின்னாலேயே வண்டு ஏறும். அதே தடியை உடனே அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் நல்ல மேசை நாற்காலி ஆகிறது. மலேசியா இதை வெளிநாட்டுக்கே விற்கிறது.

2023 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வனமும் மரமும் காட்டுக்குக் கேடில்லாமல் முறையாகப் பேணப்பட்டவை என்று சான்றளிக்கும் திட்டம் தொடங்கியது. காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் அதில் இடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டமோ, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரும் மரமும் வேண்டாம் என்கிறது. தோட்டம் இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் காட்டச் சொல்கிறது. ஒரு காலத்தில் இங்கும் காட்டை வெட்டித்தான் ரப்பர் நட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்று பால் வெட்டும் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தத் தேதிக்கு வெகு முந்தியவை. அதைக் காட்ட நம் கையில் காகிதம்தான் இல்லை. ஒரு முறை அளந்து வரைபடம் போட்டால் பாலுக்கும் ஆச்சு, தடிக்கும் ஆச்சு.

சரி, ஐம்பது சென்ட் வைத்திருப்பவர் சான்றுக்கான தணிக்கைக் கட்டணத்துக்கு எங்கே போவார்? ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் வழியாகக் குழுவாகச் சான்று தர வேண்டும். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு என்று தோட்டங்கள் வைத்திருக்கும் அரசு ரப்பர் கழகம் முதலில் வாங்கி வழிகாட்டட்டும். தடி பதப்படுத்த மார்த்தாண்டம் பக்கம் ஒரு பொதுக்கூடமும் தேவை. இன்னொன்று: 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் சட்டத்தில் சிக்கிய பட்டாதாரர்கள் சொந்த மரத்தை வெட்ட அனுமதி கேட்டு அலைகிறார்கள். சான்று பெற்ற தோட்டம் என்றால் அந்த மனுவுக்கு இத்தனை நாளுக்குள் பதில் என்று அரசு கெடு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.