உப்பைத் தாங்கும் விதைக்கு உரிமையாளர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் புதிய நெல் ரகங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விளைச்சல், வயது, தண்ணீர்ச் சிக்கனம் எல்லாம் விளக்கமாக இருந்தன. அந்த விதையின் மீது யாருக்கு என்ன உரிமை என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. டெல்டாவில் நெல் வைக்கும் எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

2021 நவம்பர் மழையில் எங்கள் வயல் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு பக்கத்து வயலில் இறங்கிப் பயிரைப் பிடித்தால், குருத்து வழுவழுவென்று கையோடு வந்தது. வரப்பில் நிற்க முடியாத அழுகல் வாடை. நான் நட்டிருந்தது வெள்ளம் தாங்கும் ரகமான சிஆர் 1009 சப்-1. அதுவும் சேறு பூசிக்கொண்டு படுத்துத்தான் கிடந்தது. ஐந்தாறு நாள் கழித்துத் தூரடியில் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியது. சாதாரண நெல் மூழ்கினால், தலையை வெளியே நீட்டப் பார்த்து, இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துச் செத்துப்போகும். சப்-1 மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்தி மூச்சடக்கிக் காத்திருக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும்.

அறுவடை முடிந்ததும் பக்கத்து வயல்காரர் வந்து, "நாலு மரக்கால் விதை கொடுங்கள் அண்ணே" என்றார். கொடுத்தேன். மறுவருடம் நெல்லாகவே திருப்பி அளந்தார். இந்தக் கைமாற்றுக்கு நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு எங்களுக்குக் கொடுத்த உரிமை அது. அந்தச் சப்-1 மரபணுவும் ஒடிசா உழவர்களின் பழைய நெல்லிலிருந்து வந்ததுதான். எஃப்ஆர் 13ஏ என்று பெயரிடப்பட்ட அந்த நெல்லில் 2006இல் அதை அடையாளம் கண்டார்கள். பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் அதை நல்ல ரகங்களில் ஏற்றிக் கொடுத்ததால்தான் என் வயல் வரைக்கும் வந்தது.

எல்லாக் கண்டுபிடிப்பும் அப்படி வருவதில்லை. வெப்பம், உப்பு, வறட்சி தாங்கும் பயிரை மரபணு மாற்றத்தால் உருவாக்கும் முறைக்கு மான்சான்டோ நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை கேட்டது. காப்புரிமை அலுவலகம் மறுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில், 2013 ஜூலையில் அந்த மறுப்பை உறுதிசெய்தது. அன்று நான் நிம்மதியடைந்தேன். ஆனால் அந்தக் குறிப்பிட்ட விண்ணப்பத்தில் காப்புரிமை பெறும் அளவுக்குப் புத்தாக்கம் இல்லை என்பது மறுப்புக்கு முக்கியமான காரணம். நாளை வேறொருவர் வேறொரு முறையோடு வரலாம். அந்த வாரியமே 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது.

2025 மே மாதம் மத்திய அரசு மரபணு திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் பூசா டிஎஸ்டி ரைஸ் 1 வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். நம் விஞ்ஞானிகளின் உழைப்பு அது, மனமார வாழ்த்துகிறேன். ஆனால் மரபணுவை வெட்டித் திருத்த அவர்கள் பயன்படுத்திய கிரிஸ்பர் என்ற கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஆராய்ச்சிக் கூடத்தில் பயன்படுத்துவது வேறு, விதையாக விற்பனைக்கு விடுவது வேறு. விற்பனைக்கு வரும்போது உரிமத் தொகை யார் கொடுப்பார்கள்? அது விதை விலையில் ஏறுமா? அறுத்த நெல்லிலிருந்து விதை எடுத்துப் பக்கத்து வயலுக்கு நான் கொடுக்கலாமா?

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உப்பைத் தாங்கும் குணம் எங்கள் கடற்கரைக்குப் புதியதல்ல. களர்ப்பாளையும் குழியடிச்சானும் உப்பு நிலத்தில் விளைந்த நெல்தான். அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்தவர்கள் யாரும் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டதில்லை.

இந்த ரகங்களின் விதை டிப்போவுக்கு வருமுன், காப்புரிமை வைத்திருப்பவர்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை, இவற்றை உருவாக்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் முழுமையாக வெளியிட வேண்டும். அதைத் தமிழிலும் தர வேண்டும். 39ஆவது பிரிவின் உரிமை இந்த விதைக்கும் உண்டு என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அடுத்த சம்பாவுக்கு எந்த விதையை எடுத்து வைப்பது என்று நான் முடிவு செய்வதற்குள் இந்தப் பதில் வந்தால் நல்லது. தங்கள் செய்தியாளர் ஒருவர் இதைக் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்