பட்டியல் போடச் சொன்ன இயக்குநர்

ஆசிரியருக்கு வணக்கம்.

காமராஜர் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார் என்று ஆண்டுதோறும் ஜூலை 15 அன்று எழுதுகிறோம், சரிதான். அந்த வேலைகளைத் தலையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்த கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவை மட்டும் ஏனோ ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

1912இல் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பள்ளி ஆய்வு அதிகாரியாகத் துறைக்குள் வந்து, 1954இல் பொதுக்கல்வி இயக்குநரானார். பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய காரியம் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்தான். ஆசிரியர்களையும் ஊராரையும் உட்காரவைத்து, தங்கள் பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் போடச் செய்தார்கள்: கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், தண்ணீர்ப் பானை, முடிந்தால் இன்னொரு வகுப்பறை. பணமாக, பொருளாக, சில இடங்களில் நிலமாகவே ஊர் கொடுத்தது. மாநாட்டு மேடைக்கு முதலமைச்சரே வந்தார். அரசு பொறுப்பைத் தட்டிக்கழித்த வழி இது என்று இன்று சிலர் சொல்லக்கூடும். மதிய உணவுச் செலவில் நூற்றுக்கு 60 அரசு, 40 ஊர் என்பதுதான் அன்றைய கணக்கு. அதையும் சேர்த்துப் பேசட்டும்.

அந்தப் பட்டியல்களும் மாநாட்டு மலர்களும் எந்த அலுவலகப் பீரோவில் கிடந்தாலும் கல்வித்துறை தேடி எடுத்து, கரையான் தின்பதற்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், காஞ்சிபுரம்