கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

"இடதுசாரிக்கு நாடு ஏதுப்பா" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாய். அதற்கப்புறம் பேச்சே இல்லை. உன் குடியுரிமை விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை. உன் இஷ்டம். ஆனால் நீ இருக்கும் அதே லண்டனில் இந்தச் சண்டையை ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் போட்டு முடித்திருக்கிறார். 1941 பிப்ரவரியில் வந்த 'த லயன் அண்ட் த யூனிகார்ன்' புத்தகத்தைப் படி. தலைக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் பறக்கையில் எழுதியது. என்னைக் கொல்லப் பறக்கிறார்கள் என்றுதான் ஆரம்பிக்கிறார்.

இங்கிலாந்து ஒரு குடும்பம், பொறுப்புதான் தகாதவர்கள் கையில் இருக்கிறது என்பது அவர் வாதம். பொறுப்பில் இருப்பவனைப் பிடிக்கவில்லை என்றால் குடும்பமே வேண்டாம் என்பாயா? ஸ்பெயினில் பாசிஸ்டுகளோடு சண்டை போட்டுத் தொண்டையில் குண்டு வாங்கியவர் அவர். உடம்பு சரியில்லை என்று ராணுவம் எடுத்துக்கொள்ளவில்லை. உள்நாட்டுக் காவலுக்கான தொண்டர் படையான ஹோம் கார்டில் சேர்ந்து சார்ஜெண்டாக இருந்தார். தேசபக்தி என்றாலே முகம் சுளித்த இடதுசாரி அறிவாளிகள் மீது அவருக்கு இருந்த கோபம் கொஞ்சமில்லை.

வெறும் கொடி வணக்கமும் இல்லை அது. நிலம், சுரங்கம், ரயில், வங்கி எல்லாம் அரசுடைமை ஆக வேண்டும் என்றார். வரி போக, மிக அதிக வருமானம் மிகக் குறைந்த வருமானத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டக் கூடாது. நாலாவது கோரிக்கை நம்முடையது: இந்தியாவுக்கு உடனே டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் மகுடத்தின் கீழ் தன்னாட்சி, போர் முடிந்ததும் விரும்பினால் பிரிந்துபோகும் உரிமையோடு. ஊரில் குண்டு விழும்போது தன் நாட்டைப் பார்த்து இதைக் கேட்டாரே, அதைத்தான் நான் நாட்டுப்பற்று என்கிறேன்.

சோஷலிசம் வராமல் போரை ஜெயிக்க முடியாது என்ற அவர் கணக்கு பலிக்கவில்லை. பழமைவாதக் கட்சிப் பிரதமர் சர்ச்சில் தலைமையிலேயே ஐரோப்பாவில் போர் முடிந்தது. ஆனாலும் 1945 தேர்தலில் சோஷலிசம் பேசிய லேபர் கட்சி ஜெயித்தது, 1947-இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின.

நீ இவ்வளவு படித்துப் பேசுவது எனக்குப் பெருமைதான். சங்கத்துத் தோழர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பெற்றவனிடம் பேசாமல் இருக்க எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. அங்கேயே குடிமகள் ஆனாலும் சரி, அந்த ஊரையாவது மனசாரப் பிடித்துக்கொள். எங்கேயும் ஒட்டாமல் இருந்துவிடாதே, அதுதான் என் பயம்.

நாலாவது கோரிக்கையையாவது படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வா. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் பெரியத்தையும் இங்கே இருப்பாள். சாப்பாட்டை விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா