அணை கட்ட எங்களைக் கூப்பிடும் தலைவர்களுக்கு

மதிப்புக்குரிய கட்சித் தலைவர்களே,

2027 குடியரசுத் தலைவர் தேர்தலில் தீவிர வலதுசாரித் தேசியப் பேரணிக் கட்சிக்கு எதிராக நிற்கப்போகும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இடது, வலது, நடு என்று பிரிக்கவில்லை. எத்தனை பேர் நிற்பீர்கள் என்பதே உங்களுக்குள் இன்னும் முடிவாகாதபோது, தனித்தனியாக எழுத முத்திரைச் செலவு கட்டாது. பிரான்சுக்கு வந்து முப்பது வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் கோபம் வந்தால் எனக்குப் பிரெஞ்சில் வினைச்சொற்கள் காலம் மாறிவிடுகின்றன. அதனால் தமிழில் எழுதுகிறேன். மகள் மொழிபெயர்த்து அனுப்புவாள்.

போன சனிக்கிழமை காலை, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், மெட்ரோ வாசலில் உங்களில் ஒருவருடைய கட்சிப் பையன் என் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தான். தீவிர வலதுசாரிகள் வரப்போகிறார்கள், எல்லோரும் சேர்ந்து தடுத்து அணை கட்ட வாருங்கள் என்று அதில் இருந்தது. நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போதே மச்சானிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

மச்சான் என் மனைவியின் தம்பி. பதினொரு வருடமாக ஒரே சாப்பாட்டுக்கடையில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சூப்பும் சோஸும் அவன் பொறுப்பு. அவனிடம் நான்கு வருட விசா, அதாவது வதிவிட அட்டை, இருக்கிறது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, விதியில் சொன்ன காலத்துக்குள்தான், புதுப்பிக்க விண்ணப்பித்தான். சம்பளத் துண்டு, வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் மகள்தான் இணையதளத்தில் ஏற்றினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. அட்டை காலாவதியான அன்றும் அதே வரி. இடைக்காலத்துக்கு வேலை செய்யலாம் என்று ஒரு அத்தாட்சிப் பத்திரம் அந்தத் தளத்திலேயே வரவேண்டும். வரவில்லை. எங்கள் பிரெபெக்சருக்கு, அதாவது விசா கொடுக்கும் மாவட்ட அரசு அலுவலகத்துக்கு, போன் எடுத்தால் மெஷின் தளத்துக்குப் போகச் சொல்கிறது. தளத்தில் கேள்வி கேட்டால் பிரெபெக்சரைத் தொடர்புகொள்ளச் சொல்கிறது. நேரில் போனான். வாசலில் நின்ற காவலாளி, பாவம், அவரும் எங்கேயோ இருந்து வந்தவர்தான், சந்திப்பு நேரம் எடுத்திருக்கிறாயா என்று கேட்டார். சந்திப்பு நேரம் எடுப்பதும் தளத்தில்தான்.

முதலாளியில் பிழை இல்லை. செல்லுபடியாகும் தாள் இல்லாதவனை வேலையில் வைத்திருந்தால் அபராதம் கட்டவேண்டியது அவர். குடும்பக் கொடுப்பனவும் அந்த மாதமே நின்றது. எந்தக் குற்றமும் செய்யாத, வரி பாக்கியில்லாத ஒருவன் ஒரு இரவில் 'தாள் இல்லாதவன்' ஆகிவிட்டான். இந்த மாதம் அவனையும் ஒரு எண்ணாகக் கூட்டி, சட்டவிரோதக் குடியேற்றம் கூடுகிறது என்று யாராவது தொலைக்காட்சியில் பேசுவார்கள். அதைக் கேட்டுக் கருத்துக் கணிப்பில் ஒருவர் கவலைப்படுவார். அந்தக் கவலையைப் படித்துவிட்டு நீங்கள் இன்னொரு சட்டம் கொண்டுவருவீர்கள்.

ஆகவே என் கோரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிரெபெக்சர்களில் கவுண்டரைத் திறவுங்கள். தளத்தில் சிக்கிக்கொண்டவன் தன் கோப்போடு போய், ஒரு மனிதரிடம் கொடுத்து, முத்திரை குத்திய ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வர வழி செய்யுங்கள். அவ்வளவுதான்.

இது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல. இணைய வழியை மட்டும் கட்டாயமாக்க முடியாது, அதில் முடியாதவர்களுக்கு மாற்று வழி இருக்கவேண்டும் என்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே 2022 ஜூனில் சொன்னது. இந்த முறையால் வெளிநாட்டவரின் உரிமைகள் பெருமளவில் மீறப்படுகின்றன என்று உரிமைக் காப்பாளர் அலுவலகம் 2024 டிசம்பரில் அறிக்கை எழுதியது. உங்கள் மேசைக்கு அது வந்திருக்கும்.

உங்கள் கணக்கை நானும் பார்க்கிறேன். 2002 ஏப்ரல் 21 இரவு நான் ஒரு சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்சியை அப்போது நடத்திய ஜான்-மரி லு பென், முதல் இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார் என்றதும் முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினேழு விழுக்காடுதான், அதற்கே அவ்வளவு அதிர்ச்சி. இரண்டாம் சுற்றில் அவரை எதிர்த்து நின்ற ஷிராக்குக்கு 82 விழுக்காடு விழுந்தது. அப்போது எனக்கு வாக்கில்லை. பிறகு கிடைத்தது; 2017 இலும் 2022 இலும் மகளுக்காக மக்ரோனுக்குப் போட்டேன். எதிரே நின்ற ஜான்-மரியின் மகள் மரீன் லு பென் முதல் தடவை 34 விழுக்காடு எடுத்தார், அடுத்த தடவை 41. 2025 நவம்பரில் வந்த ஒரு கணிப்போ, தேசியப் பேரணியின் தலைவர் பர்தெல்லா இரண்டாம் சுற்றில் யாரோடு மோதினாலும் வெல்வார் என்கிறது. அன்றிரவு தொலைக்காட்சியில் உங்கள் ஆட்கள் முகத்தைப் பார்த்தேன். சாத்திரியார் ஏழில் சனி என்று சொன்னதும் பரிகாரத்துக்கு ஓடுகிறவர்கள் மாதிரி இருந்தது. பரிகாரமும் எப்போதும் ஒன்றுதான்: வெளிநாட்டவர் மேல் இன்னொரு சட்டம்.

அந்தப் பரிகாரத்தைச் செய்துதான் பார்த்துவிட்டீர்களே. 2023 டிசம்பரில் குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றினீர்கள். தேசியப் பேரணியும் ஆதரித்து வாக்களித்தது. இது எங்கள் சித்தாந்த வெற்றி என்று மரீன் லு பென் வெளிப்படையாகச் சொன்னார். 86 விதிகளில் 35 ஐ அரசியலமைப்பு மன்றம் முழுதாகவோ பகுதியாகவோ நீக்கவேண்டி வந்தது. சரி, அதனால் அவர்கள் வாக்குக் குறைந்ததா? ஆறு மாதம் கழித்து ஐரோப்பியத் தேர்தலில் 31 விழுக்காடு எடுத்து முதலிடத்துக்கு வந்தார்கள். அசல் கடைக்குப் பக்கத்தில் அதே பலகையைத் தொங்கவிட்டு நகல் கடை போட்டால், சனம் அசல் கடைக்குத்தான் போகும். லாச்சப்பலில் தோசைக்கடை வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்த 2024 ஜூலை 7 ஐயும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்கள்தான் முதலிடம் என்று எல்லாக் கணிப்புகளும் சொல்லின. அவர்களுக்கு எதிரான வாக்குப் பிரியாதபடி, இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் உங்கள் வேட்பாளர்கள் விலகினார்கள். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிடிக்காதவருக்கும் போய் வாக்குப் போட்டோம். அவர்கள் மூன்றாம் இடத்துக்குப் போனார்கள். அன்றைக்கு மச்சான் வீட்டில் ஆட்டிறைச்சி காய்ச்சினோம். அதற்குக் கிடைத்த நன்றி என்ன? வந்த அரசின் உள்துறை அமைச்சர் 2025 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டார். தாள் இல்லாமல் வேலை செய்பவர் விசா கேட்கவேண்டுமானால், வழக்கமாக ஐந்து வருடம் என்றிருந்த வதிவுக் காலம் ஏழாகியது. அணை கட்ட மண் சுமந்தவன் வயலுக்குத் தண்ணீர் இல்லை.

குடியேற்றத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் எல்லோரும் இனவெறியர்கள் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் ஆட்களிலேயே இருக்கிறார்கள். மேம்பால மெட்ரோவுக்குக் கீழே கூடாரம் போட்டுப் படுத்திருந்த ஆப்கன் பையன்களைப் பார்த்து, 'இவங்களை அனுப்பினால்தான் நாடு உருப்படும்' என்று சொன்ன தமிழ்க் கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். 1991 இல் அவர் எப்படி வந்தார் என்பதும் தெரியும். அதை விடுங்கள்.

நான் சொல்லவந்தது வேறு ஒருவரைப் பற்றி. மச்சானோடு வேலை செய்த பிரெஞ்சு சமையல்காரர், வடக்கே 'ஏன்' (Aisne) என்ற மாவட்டத்துக்காரர். 2022 இல் லு பென் மக்ரோனை வென்ற மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அவர் தேசியப் பேரணிக்குத்தான் போடுவார், ஒளிப்பதும் இல்லை. மச்சானின் கதையைக் கேட்டதும் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாராம். அவருடைய அம்மா இருக்கும் ஊரில் வரி அலுவலகம் மூடியாகிவிட்டது, தபால் கந்தோர் வாரத்தில் மூன்று அரைநாள், வைத்தியர் ஓய்வுபெற்றபின் ஆளில்லை. ஓய்வூதியத் தாளில் ஒரு பிழையைத் திருத்த அந்த அம்மாவுக்கும் மெஷின்தான் பதில் சொல்கிறது. வெளிநாட்டவர் நிறைந்த பாரிஸ் நகரில் லு பென்னுக்கு 2022 இல் 15 விழுக்காடுகூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டவரைத் தேடிப் பார்க்கவேண்டிய ஊர்களில்தான் அள்ளினார். ஏன் என்று உங்கள் கணிப்பு நிறுவனங்கள் கேட்கட்டும். மச்சானுக்கு மூடிய கவுண்டரும் அந்த அம்மாவுக்கு மூடிய கவுண்டரும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த அம்மாவுக்கு மட்டும், அது மச்சானால் மூடியது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவேண்டியவர்கள் நீங்கள். இதுவரை சொன்னதாகத் தெரியவில்லை.

மொழி படி என்கிறீர்கள். நியாயம்தான். 2026 ஜனவரியிலிருந்து பத்து வருட விசாவுக்கு பி1 என்ற இடைநிலை அளவு பிரெஞ்சும் குடிமைத் தேர்வும் வேண்டும் என்றாகிவிட்டது. படிப்போம். வேலை இருந்தவரை மச்சான் இரவு வேலை முடிந்து மெட்ரோவில் காதில் பாடத்தைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். ஆனால் வாயைத் திறந்து பேச எதிரில் ஒரு அதிகாரி வேண்டாமா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன்: கவுண்டரைத் திறவுங்கள். உங்களில் ஆட்சியில் பங்குள்ளவர்கள் இப்போதே செய்யலாம். மற்றவர்கள் தேர்தல் அறிக்கையில் ஒரு வரி எழுதலாம். எனக்குத் தெரிந்து இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. எழுதுபவருக்கு முதல் சுற்றிலேயே என் வாக்கு. யாருமே எழுதாவிட்டால், இரண்டாம் சுற்றில் அந்தப் பையன் லாச்சப்பல் வாசலில் நிற்கும்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பர்தெல்லாவுக்குப் போடமாட்டேன். ஆனால் அன்று ஞாயிறு, எனக்கு இரண்டு நேரமும் வேலை இருக்கும்.

பதில் எழுதுவதானால் பிரெஞ்சிலேயே எழுதுங்கள், மகள் வாசித்துக் காட்டுவாள். தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். தளத்தில் கணக்குத் திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் அட்டை உள்ள ஒரு சமையல்காரன்
பாரிஸ் புறநகர்