செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

வருகை தராத அங்கத்தவர்களுக்கு இவ்வறிக்கை வட்ஸ்அப்பில் அனுப்பப்படும்.

நிர்வாக சபை மாதந்தோறும் அழைக்கப்பட்டது; இரு தடவை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) இல்லாமல் கலைந்தது. கொப்பி, பாதணி அன்பளிப்பு முடிந்தது. மருத்துவ முகாம் மழையால் பின்போடப்பட்டது.

விசேட தேவையுடைய பிள்ளைகள் வகுப்பில் தங்கள் கவனத்தைத் தாங்களே கண்காணிக்கும் திட்டமே இவ்வாண்டின் பெரிய வேலை. சிலர் இதை "மணிக்கூடு வாங்கிக் கொடுத்த கதை" என்கிறபடியால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வாங்கியவை ஆறு அதிர்வுக் கைமணிக்கூடுகள். மூன்று நிமிடத்துக்கொரு தடவை அதிரும். அதிர்ந்ததும் பிள்ளை மேசையில் ஒட்டியிருக்கும் அட்டையில் "இப்போது வேலை செய்கிறேனா?" என்பதற்கு ஆம், இல்லை என்று புள்ளடி போடும். 24 நிமிட எழுத்து வேலைக்கு எட்டுப் புள்ளடி. செயலிகளும் உண்டு, அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஐ-கனெக்ட் இதே கேள்வியைத் திரையில் கேட்கும். பழைய டெப் ஒன்றில் நினைவூட்டல் செயலி போட்டுப் பார்த்தோம். திரை அணைந்ததும் பற்றரி சேமிப்பு முறை அதை உறங்க வைத்தது. அதை நிறுத்தியபின் ஒழுங்காக ஒலித்தது, ஒலித்தபோதெல்லாம் முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது.

மணிக்கூட்டிலும் சிக்கல் இல்லாமலில்லை. தொடுகை ஒவ்வாத ஓட்டிசம் பிள்ளைக்கு மணிக்கட்டு அதிர்வு ஆகாது; சட்டைப் பையில் வைத்ததும் சரிவந்தது. சம இடைவெளியைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துவிடுவார்கள்: அதிரும் நேரம் பார்த்துப் பென்சிலை எடுப்பது, அதிர்ந்ததும் வைப்பது. இந்த முறை பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒலிநாடாவில் மணியோசையை ஒழுங்கற்ற இடைவெளியில் பதிந்தது இதனாலேதான். மலிவு மணிக்கூட்டில் அந்த வசதி இல்லை. வெள்ளிக்கிழமை சார்ஜ் போட மறந்தால் திங்கள் முதற் பாடவேளையிலேயே நின்றுவிடும்.

கருவியைவிடப் பெரிய வேலை வேறு. "வேலை செய்வது" என்றால் என்னவென்று பிள்ளைக்குச் செய்து காட்ட வேண்டும்: கண் கொப்பியில் அல்லது கரும்பலகையில், பென்சில் கையில், இருப்பு கதிரையில். தெரியாத கணக்கை இது கற்றுத் தராது. தெரிந்தும் நிலைத்துச் செய்ய முடியாத பிள்ளைக்கே உதவும். முதல் ஐந்து நாள் மணிக்கூடின்றி ஒரு பெரியவர் பார்த்துக் குறிக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிறகு வரும் மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது? அடுத்து அவர் பின்வரிசையில் இருந்து, பிள்ளை குறிக்கும் அதே கணத்தில் தன் அட்டையிலும் குறிப்பார். எட்டில் ஏழு பொருந்தினால் பாராட்டு. பொருந்தாத இடத்தைப் பிள்ளையோடு பேசித் திருத்துவது. பதிவு அச்சொட்டாக இல்லாவிட்டாலும் நடத்தை மாறுவதுண்டு, உண்மைதான். ஆனால் ஓர் அட்டையில் எட்டு "ஆம்"களும் ஒரே கோட்டில், முதல் அதிர்வுக்கு முன்பே போடப்பட்டிருந்தன. அன்று ஒப்பிட யாரும் வரவில்லை. பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா?

வகுப்பு முழுவதையும் பார்க்கும் ஆசிரியை இதையும் பார்ப்பது நடக்காது. அதற்காகத்தான் சென்ற பொதுக்கூட்டத்தில் பதினொரு பேர் கை உயர்த்தினார்கள். கூட்டறிக்கையில் பெயர்கள் இருக்கின்றன, வாசிக்கப் போவதில்லை. வந்தவர்கள் மூவர்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். மணிக்கூட்டுச் செலவு போக மிகுதி வங்கியில் உள்ளது. மிகுதி என்று சொல்லத்தக்கதாக இல்லை. பாதிப்பேரின் சந்தா வரவில்லை, சிலருடையது இரண்டாண்டு நிலுவை. கல்யாண வீட்டில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், கூட்டத்துக்கும் வருவதில்லை. எங்கேதான் கேட்பது?

மண்டபம் தந்த கோயில் அறங்காவலர் சபைக்கும், அனுமதி தந்த அதிபருக்கும், தேநீர் தந்த மகளிர் அணிக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இடைவெளியை ஐந்து நிமிடமாகவும் பிறகு பத்தாகவும் நீட்டி, கடைசியில் மணிக்கூட்டைக் கழற்ற வேண்டும். அதற்கும் பின்வரிசையில் ஆள் வேண்டும். செவ்வாய், வியாழன் காலை ஒரு பாடவேளை. காலி வீதியில் பஸ்ஸால் இறங்கினால் நடைதூரம். பெயர் பதியும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தாப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதே மேசையில்தான்.

செயலாளர்
கொழும்பு