செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: தனுஷ்கோடி குடும்ப நடையும் மற்றவையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. கடைசித் தெருவில் எரியாமல் கிடந்த விளக்குகள், மனுமேல் மனு கொடுத்த பிறகு எரிகின்றன. குடிநீர்க் குழாய் உடைப்பு பாதிதான் சரியாகியிருக்கிறது, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பொங்கல் விளையாட்டு நன்றாக நடந்தது. கோலப்போட்டித் தீர்ப்பு பற்றிய மனத்தாங்கல் இத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு விரிவாகப் பதிய வேண்டியது, அரையாண்டு விடுமுறையில் நாம் போன தனுஷ்கோடி நடை. ராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு தனுஷ்கோடி பார்க்காதவர் யார் என்று குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாம் எல்லோரும் பார்த்தது அரிச்சல்முனையைத்தான். 2017இல் சாலை திறந்ததிலிருந்து வண்டி நேராக முனையில் போய் நிற்கிறது; போட்டோ எடுக்கிறோம், திரும்புகிறோம். ரயில் ஊராக இருந்த தனுஷ்கோடி சன்னலோரமாக ஓடிப்போய்விடுகிறது. அதனால் இந்த முறை வேனைப் பழைய ஊர் அருகிலேயே நிறுத்திவிட்டு நடப்பது என்று முடிவு செய்தோம்.

போகும் வழியில் பாம்பன் சாலைப் பாலத்தில் வேனை மெதுவாக ஓட்டச் சொன்னோம். பழைய ரயில் பாலமும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதற்காக. பழையது 1914 பிப்ரவரி 24இல் திறந்தது; 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலம். பழைய பாலத்தின் நடுவில் இருக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி, கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளைப் போல இருபுறமும் மேலே எழும்பும்படி இருந்தது. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக, மோட்டாரில் ஏறுகிறது. எது நல்ல பாலம் என்று பின்சீட்டில் சண்டையே வந்துவிட்டது. என் ஓட்டு பழையதற்கு.

தனுஷ்கோடியில் இறங்கியதும் ஒரு சிறுமி கேட்ட கேள்வி: “தாத்தா, தண்டவாளமே இல்லையே, ரயில் எப்படி வந்துச்சு?” ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் அங்கேயே மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். ராமேஸ்வரம் வழியாக வண்டி வரவில்லை. பாம்பன்தான் ஜங்ஷன், அங்கிருந்து ஒரு கிளை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. எழும்பூரில் ஏறும் போட் மெயில் பயணி இங்கே இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்குவார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். இப்போது சென்னைக்கு டிக்கெட் கிடைக்காமல் தவிக்கும் நமக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனின் மிச்சச் சுவர்கள், ரயில்வே தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய தூண்கள், தேவாலயம் என்று ஒவ்வொன்றாக நடந்தோம். தொட்டி போய்விட்டது, கால்கள் மட்டும் நிற்கின்றன. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று பெரியவர் சொன்னபோதுதான் அந்தத் தூண்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்பது எனக்கும் உறைத்தது. சுவர்களைக் கிட்டப்போய்ப் பார்க்கச் சொன்னோம். பல சுவர்களில் செங்கல்லோடு கலந்து பவளப்பாறைக் கல். அதன் மேல் தேன்கூடு மாதிரி சிறு குழிகள், நடுவே நட்சத்திரக் கோடுகள். பிள்ளைகள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார்கள். பெயர்க்கப் பார்த்த ஒருவனை அவன் அம்மாவே அதட்டி நிறுத்தினார்.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியைப் புயல் அலை அடித்துக்கொண்டு போனதைப் பெரியவர் சுருக்கமாகவே சொன்னார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். யாரும் பிழைக்கவில்லை. அந்தப் புயலுக்குப் பிறகு ஊரையே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. தண்டவாளத்தை மறுபடி யாரும் போடவில்லை. ஆனால் பாம்பன் பாலம் எழுந்தது. 126 கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள், போன பாலத்தை, கடலில் விழுந்தவற்றையே தேடித் தூக்கி, 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனும் அவருடைய ஆட்களும் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்தான்.

சாப்பாடு புளிசாதமும் உருளைக்கிழங்கும். கடைகளில் மீன் வறுவல் வாசனை வந்ததும் சங்கத்துப் புளிசாதத்தைப் பலர் கைவிட்டதை இங்கே பதிவு செய்கிறேன். மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர், கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி எடுத்திருந்த ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். உப்பே இல்லை.

குறைகளும் உண்டு. நிழல் கிடையாது. கழிப்பறை இல்லாமல் பெண்கள் பட்ட சிரமம் நம் ஏற்பாட்டுக் குறைதான். அடுத்த முறை ராமேஸ்வரத்தில் வண்டியை நிறுத்தி எல்லோரும் தயாரான பிறகே கிளம்ப வேண்டும். பேசிவைத்த வேன் தாமதமாக வந்ததால் வெயில் ஏறிவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதால் வெயில் தாழவும் காத்திருக்க முடியவில்லை. இனி விடியற்காலைப் புறப்பாடுதான்.

நிர்வாகக் குழுவின் இரண்டு பரிந்துரைகளை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். ஒன்று, ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி போன்ற ஒவ்வொரு இடத்திலும் இது என்ன என்று தமிழில் பலகை வைக்கக் கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு மனு. அப்புறம், அடுத்த ஆண்டு நடை பாம்பனில், கரையோரமாக, பழைய பாலம் பிரிக்கப்படுவதற்கு முன். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். வேன் பிடிக்க எண்ணிக்கை வேண்டும்.

நன்றி.
செயலாளர்