தடாகத்தை அவசரப்பட்டு வற்ற விடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை அம்மாவும் நானும் கேட்டோம். அந்தப் பழைய நீச்சல் தடாகக் கட்டடத்தை மூடிக் கழற்றுகிற பொறுப்பு உன் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது என்று சொல்லும்போது உன் குரல் கம்மியிருந்தது. அம்மா உடனே, "பிள்ளையை வேற வேலை பார்க்கச் சொல்லுங்கோ" என்றா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ ஒருவர் செய்யத்தான் போகிறார். வளர்ந்த பிறகு அங்கேதான் நீ நீந்தவே பழகினாய். அந்த இடத்தை அறிந்த ஒருத்தி செய்யட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரியப்பா, சரியப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

மூடுவது சரியா பிழையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நீ அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். இங்கிலாந்தில் நூலகம் நடத்துவது 1964 ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சிச் சபையின், கடமை. நீச்சல் தடாகம் அப்படியில்லை, விரும்பினால் நடத்தலாம். காசு முடைப்படும்போது முதலில் எதில் கை வைப்பார்கள் என்று சொல்லவா வேண்டும். அதோடு சூட்டுக் கணக்கு வேறு. தண்ணீரை 28 பாகையில் வைத்திருக்க வேண்டும். மேலே இருக்கிற காற்று அதைவிட ஒரு பாகை கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி எழும்பிச் சுவரெல்லாம் வியர்க்கும். இங்கே கொழும்பில் நம் வெள்ளவத்தைக் கடல் அந்த 28 பாகையை வருடம் முழுக்கச் சும்மா தருகிறது. நீங்கள் ஜனவரியிலும் எரிவாயு எரிக்க வேண்டும், அதன் விலை 2022 இல் ஏறிய ஏற்றம் உனக்குத் தெரியும். எக்ஸ்மவுத் ஊரில் 2023 இல் கணினிகளின் சூட்டைக் கொண்டு தடாகத்துத் தண்ணீரைச் சூடாக்கினார்களே என்று அந்தச் செய்தியை அனுப்பினேன். கூரையே விழப்போகிறது, சூட்டை வைத்து என்ன செய்வது என்று எழுதினாய். சரி, விட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது பம்ப் அறை. ஹோட்டல் தடாகத்தோடு என் காலம் போனது. அங்கே வந்திருந்தபோதுகூட ஊர் பார்க்காமல் உங்கள் தடாகத்தின் பம்ப் அறையைத்தானே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே முதல் சொல்: தடாகத்தை அவசரப்பட்டு வற்ற விடாதே. 25 மீற்றர் நீளம், 12.5 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள். நாலரை லட்சம் லீற்றருக்கு மேல் வரும். நானூற்றைம்பது தொன்னுக்கு மேல் பாரம். அந்தத் தொட்டியை நிலத்தில் அமர்த்தி வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பாரம்தான். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் வெறுமையாக்கினால் கீழிருந்து தண்ணீர் தொட்டியையே தூக்கும். எங்களுக்குப் பக்கத்து இடமொன்றில் ஐப்பசி மழைக்குள் வற்ற விட்டார்கள். அடித்தளம் மேலே எழும்பி, ஓடுகள் வெடித்து, சுற்றி ஓடிய குழாயெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. இடிக்கத்தானே போகிறோம், வெடித்தால் என்ன என்று ஒப்பந்தக்காரன் சொல்வான். அந்தக் குழாய்கள் பக்கத்துக் கட்டடத்துக்கும் போகிறதா என்று அவனைக் கேள்.

வற்ற விடும் தண்ணீரைக் குளோரினோடு மழைநீர்க் கானுக்குள் விடக்கூடாது, அது நேரே ஆற்றுக்குப் போய் மீனைக் கொல்லும். கழிவுநீர்க் குழாயில் விடவும் தண்ணீர்க் கம்பனியிடம் அனுமதி வேண்டும். மிஞ்சிக் கிடக்கும் ஹைப்போகுளோரைட்டையும் அமிலத்தையும் ஒருவரே, ஒரே பம்பால், ஒரே பீப்பாய்க்குள் மாற்ற விடாதே. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கடைசி நாட்களில் தெரிந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், தெரியாதவன் கையில் சாவி இருக்கும். குளியல் குழாய்களை முழுதாக வற்ற விடும்வரை யாராவது கிழமைக்கொரு தடவை திறந்து ஓட விட வேண்டும். 20க்கும் 45க்கும் இடைப்பட்ட பாகையில் தேங்கிய தண்ணீரில்தான் நுரையீரல் காய்ச்சல் தரும் லெஜியோனெல்லாக் கிருமி பெருகும்.

அஸ்பெஸ்டஸ் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், பிறகு யோசித்தேன். நம் வீட்டுக் கூரையே அந்தச் சீட்தான். அதன் கீழே வளர்ந்த பிள்ளைக்கு அது பயமில்லாத பொருள். சீட்டில் அது சீமெந்தோடு இறுகிக் கிடக்கும், பழைய கொதிகலன் குழாய்களைச் சுற்றிய உறையிலோ தொட்டால் தூளாக உதிரும், அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. சோதனை அறிக்கை வரும்வரை நீ அந்த அறைக்குள் போகாதே.

இன்னொன்று, கூரை. சுவிற்சர்லாந்தின் உஸ்டர் என்ற ஊரில் 1985 இல் ஒரு தடாகத்தின் உட்கூரை விழுந்து 12 பேர் செத்தார்கள். துருப்பிடிக்காத உருக்கில் செய்த தொங்கு கம்பிகள்தான், ஆனால் குளோரின் கலந்த காற்று அவற்றுக்குள் வெடிப்பு விழ வைத்திருந்தது. வெளிப்பார்வைக்குத் தெரியாது. காற்றாடி இயந்திரங்களை நிறுத்திய பிறகு, "ஒருக்கா உள்ளே போய்ப் படம் எடுக்கட்டுமா" என்று வருகிற யாரையும் விடாதே.

இனி இந்தக் கடிதம் எழுத வைத்த விஷயம். அறிவித்தலில் "தற்காலிகமாக" என்று போடலாமா என்று மேலே பேசுகிறார்கள் என்றாய். விடாதே, மகள். நம் ஒழுங்கையின் முனையில் இருந்த சனசமூக நிலையம் நினைவிருக்கும். காலையில் பத்திரிகை, பின்னேரம் கெரம், மழை நாளில் பெண்பிள்ளைகளுக்கு நடன வகுப்பு. திருத்த வேலைக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று ஒரு பலகை தொங்கியது. மூடியதாகவே யாரும் சொல்லாததால் யாரும் சண்டைக்கும் போகவில்லை, கெரம் ஆடியவர்கள் வேறு இடமும் தேடவில்லை. பலகை மங்கிப்போயிற்று, சுவரில் அரசமரம் முளைத்துவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்து நம் பூச்சட்டிக்குள் நுளம்புப் புழு தேடுகிறார், அந்தக் கூரைப் பீலியில் இருப்பது கடல். போய்க் கேட்கலாம் என்றால் 2023 மார்ச்சில் இங்கே உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வந்தது 2025 மேயில். இடையில் ஏச்சு வாங்கக்கூட ஒரு உறுப்பினர் இருக்கவில்லை.

உங்களுக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டம் வைத்து, முகத்துக்கு நேரே சொல்லச் சொல்லு. கடைசி நாள் எது, இடிப்பதா விற்பதா, செவ்வாய்க்கிழமை முழங்கால் வலிக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் எந்தத் தடாகத்துக்கு, எந்த பஸ்ஸில் போவது, எல்லாம் தாளில் வரட்டும். எதிர்ப்பவர்கள் 2011 சட்டத்தின்கீழ் சமூகச் சொத்தாகப் பதிந்தால் ஆறு மாதம் காப்பாற்றலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றாய். அது விற்பதைத்தான் தள்ளிப்போடும், மூடுவதைத் தடுக்காது. அதை அவர்களுக்கு யாராவது சொன்னார்களா? உன்னால் முடிந்தால் நீயே சொல்லு. கோபப்படுவார்கள். வேறு வழி தேட அவர்களுக்கு நேரமாவது மிஞ்சும்.

பம்ப் அறைச் சுவரில் ஒட்டியிருந்த கைவரைபடங்களை நான் பார்த்தேன். அவற்றைக் குப்பையில் போட முன் எடுத்து வை. ஆழமான பக்கத்தின் அடியில் நிலத்தடி நீரை உள்ளே விடுகிற அழுத்த வால்வு ஒன்று இருக்கிறதா என்று அதில் தேடிப் பார். இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இல்லையென்றால் தண்ணீரைத் தொட முன் நிலத்தைச் சோதிக்க ஆள் கேள். பட்ஜெட் இல்லை என்பார்கள், எழுத்தில் கேள்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. மாமாவின் மகன் மாத முடிவில் லண்டன் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்,
அப்பா